மூத்திரமும் மானமும்

இவ்வாரத் தலையங்கத்தின் பெயரைப் பார்த்த மாத்திரத்திலேயே சிலர் மூக்கைப் பிடித்துக் கொள்ளக்கூடும். "எழுதுவதற்கு வேறு சங்கதியே கிடைக்கவில்லையா?" என்றும் கேட்கக்கூடும். அப்படிக் கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகின்றோம். சோற்றைப் பற்றிப் பேசுவது மரியாதையாம். அந்தச் சோற்றினால் உண்டாகின்ற கழிவு எப்படி வெளியேறுகின்றது என்று பேசுவது மட்டும் மரியாதைக் குறைவாம். கண்ணைப் பற்றிக் கவி பாடலாம். இருதயத்தைப் பற்றி மணிக்கணக்கில் உபந்நியாசம் செய்யலாம். ஆனால், வேலையை நிறுத்திவிட்டால் ஒன்றிரண்டு வாரத்திற்குள் மனிதனைச் சுடுகாட்டுக்கு அனுப்பக்கூடிய சிறுநீரகத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாதாம். இந்த வெட்கம் வெறும் வெட்கத்தோடு நின்றிருந்தால் நாமும் பேசாமலிருந்து விடலாம். இது அநேகம் பேருடைய, முக்கியமாய்ப் பெண்களுடைய, சுகத்தையும் உயிரையும் கொள்ளை கொண்டு வருகின்றபடியால்தான் இதைப் பற்றிப் பச்சையாகப் பேச வேண்டியிருக்கின்றது.

முதலில் சரீரத்திற்குள் நடப்பது என்ன என்று பார்ப்போம். ஆட்டுக்கறிக் கடையில் குண்டிக்காய் என்று கேட்டு வாங்குகின்றோமே, அதுதான் சிறுநீரகம். மனிதனுக்கும் அதே அவரைக்கொட்டை வடிவத்தில், முதுகெலும்பின் இரு பக்கத்திலும் ஒவ்வொன்று இருக்கின்றது. ஒவ்வொன்றும் கைம்முட்டி அளவுதான். நிறை 150 கிராம் அளவில் இருக்கும். இரண்டையும் சேர்த்தாலும் சரீரத்தின் எடையில் சுமார் 200இல் ஒரு பங்குதான். ஆனாலும் இருதயம் இறைக்கின்ற இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த இரண்டு உறுப்புகளுக்கே போகின்றது. நிமிஷம் ஒன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் இவற்றின் வழியாய்ப் பாய்கின்றது.

ஒவ்வொரு சிறுநீரகத்திற்குள்ளும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வடிகட்டியும் மயிரிழையைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு சிறு முடிச்சும், அம்முடிச்சைக் கிண்ணம் போல் தாங்கி நிற்கின்ற ஒரு நீண்ட குழாயும் சேர்ந்ததாகும். இரத்தம் அழுத்தத்தோடு அந்த முடிச்சுக்குள் வரும்போது இரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளே நின்றுவிட, தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா முதலியவைகளெல்லாம் கசிந்து குழாய்க்குள் இறங்குகின்றன. இப்படி இறங்குகின்ற நீர் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டராகும். சரீரத்திலுள்ள இரத்தத்தின் நீர்ப் பகுதியோ சுமார் 3 லிட்டர்தான். அப்படியானால் அந்த 3 லிட்டரும் ஒரே நாளில் 60 தடவை வடிகட்டப்படுகின்றது என்று அர்த்தம்.

180 லிட்டர் இறங்கினால் மனிதன் காலையில் எழுந்து மத்தியானத்திற்குள் வற்றிச் செத்துப்போக வேண்டாமா என்று கேட்கலாம். சாவதில்லை. ஏனென்றால் அந்தக் குழாயின் வழி நெடுக, சரீரத்திற்கு வேண்டியவைகளெல்லாம் திரும்ப எடுத்துக் கொள்ளப்படுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர் இரத்தத்திற்கே திரும்பிவிடுகின்றது. சர்க்கரை ஒரு பொட்டுக்கூட விடாமல் எடுத்துக் கொள்ளப்படுகின்றது. உப்பு வேண்டிய அளவுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டு மிச்சம் விடப்படுகின்றது. கடைசியில் மூத்திரமாய் வெளிவருவது ஒன்று அல்லது இரண்டு லிட்டர்தான்.

தோழர்களே! இந்த ஏற்பாட்டிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். எது விஷம், எது கெட்டது என்று ஒவ்வொன்றாய்த் தேடிப் பிடித்து வெளியே தள்ளுவதாயிருந்தால், இதுவரை கண்டிராத ஒரு புதுப் பொருள் உள்ளே வந்தவுடன் சிறுநீரகம் திகைத்துப்போய் நின்றுவிடும். அப்படியில்லாமல், வடிகட்டியில் இறங்கக்கூடிய சிறு பொருள்களையெல்லாம் முதலில் வெளியே விட்டுவிட்டு, வேண்டியதை மாத்திரம் அடையாளம் கண்டு உள்ளே எடுத்துக் கொள்ளுகின்றது. பழக்கமில்லாதது தானாகவே வெளியே போய்விடுகின்றது. பரம்பரையாய் வந்த வழக்கங்களையும் மனிதன் இந்த மாதிரி ஒரு தடவை வெளியே கொட்டிப் பார்த்து, உதவுகின்றதை மட்டும் திரும்ப எடுத்துக் கொள்வானேயானால் எவ்வளவோ நோய் தீர்ந்துபோகும்!

தண்ணீரை எவ்வளவு திரும்ப எடுப்பது என்பதும் குருட்டுப் போக்கில் நடப்பதல்ல. வெயிலில் வேலை செய்து வியர்த்துத் தண்ணீர் குறைந்தால், மூளையினடியில் உள்ள ஒரு சிறு சுரப்பியிலிருந்து ஒரு சுரப்பு நீர் புறப்பட்டு வந்து, "தண்ணீரை விடாதே" என்று சொல்லுவது போல் சிறுநீரகத்தை வேலை செய்யச் செய்கின்றது. மூத்திரம் குறைந்து மஞ்சளாகின்றது. தண்ணீர் அதிகமானால் அந்தச் சுரப்பு நின்று, மூத்திரம் தெளிந்து பெருகுகின்றது. சாராயம் அந்தச் சுரப்பை அடக்கிவிடுகின்றது. குடித்தவன் அடிக்கடி எழுந்து போவதும், விடியற்காலையில் நாக்கு வறண்டு கிடப்பதும் அதனாலேயேயாகும்.

இதல்லாமல், இரத்த அழுத்தத்தைச் சரிப்படுத்துவதற்கும், சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மச்சையைத் தூண்டுவதற்கும், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி என்பதைப் பயன்படத்தக்கதாகச் செய்வதற்கும் சிறுநீரகமே பொறுப்பு. சிறுநீரகம் கெட்டவர்கள் இரத்தமில்லாமல் வெளுத்துப் போவதற்குக் காரணம் இதுதான், பேய் உறிஞ்சுவதல்ல.

நிற்க. இவையெல்லாம் எந்த ரிஷிக்கும் ஞான திருஷ்டியில் தோன்றியவையல்ல. சுமார் 1800 வருஷங்களுக்கு முன் ரோமாபுரியிலிருந்த காலன் என்னும் கிரேக்க வைத்தியரின் காலத்தில், மூத்திரம் சிறுநீரகத்தில் உண்டாவதில்லை, குடித்த தண்ணீர் ஆவியாகிப் பையில் போய்ச் சேருகின்றது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். காலன் அவர்களோடு வாயால் மட்டும் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. ஒரு பிராணியின் சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய்களைக் கட்டிப் பார்த்தார். பை காலியாயிருந்தது, கட்டுக்கு மேலே குழாய் வீங்கிற்று. கட்டை அவிழ்த்தவுடன் பை நிரம்பிற்று. விவகாரம் தீர்ந்தது. ஆனால் பின்னால் வந்தவர்கள் என்ன செய்தார்கள்? அந்தக் காலனையே ஒரு சாஸ்திரமாக்கி, சோதித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, அவர் எழுதி வைத்ததை 1000 வருஷங்களுக்கு மேல் ஒப்பித்துக் கொண்டிருந்தார்கள். சோதனை செய்தவனைக்கூட மூடத்தனம் சாமியாக்கி உட்கார வைத்துவிடும் என்பதற்கு இதைவிட வேறென்ன ருஜு வேண்டும்?

பிறகு 1666இல் இத்தாலியிலே மால்பீகி என்பவர் பூதக்கண்ணாடியின் உதவியால் அந்தச் சிறு முடிச்சுகளைக் கண்டார். 1842இல் இங்கிலாந்தில் பௌமன் என்பவர், முடிச்சும் கிண்ணமும் குழாயும் ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதை விளக்கினார். 1924இல் அமெரிக்காவிலே ரிச்சர்ட்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளியும், தவளையின் சிறுநீரகத்தில் ஒரு கிண்ணத்திற்குள் மிக மெல்லிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி, அங்கே இறங்கும் நீரை எடுத்தே சோதித்தார்கள். அந்த நீரில் சர்க்கரை இருந்தது. தவளையின் மூத்திரத்திலோ சர்க்கரை இல்லை. ஆகவே முதலில் எல்லாம் இறங்குகின்றது, பிறகு வேண்டியது திரும்புகின்றது என்பது கண்ணால் கண்ட உண்மையாயிற்று.

இன்னொரு சங்கதியும் உண்டு. உயிருள்ள பொருள்களை உண்டாக்க ஒரு தனி "உயிர்ச் சக்தி" வேண்டும், மனிதன் அவைகளைச் செய்ய முடியாது என்று ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் நம்பியிருந்தார்கள். 1828இல் ஜெர்மனியில் வோலர் என்பவர், மூத்திரத்திலுள்ள யூரியாவைத் தன் சோதனைச் சாலையில் உயிரில்லாத உப்புகளிலிருந்தே செய்து காட்டினார். அந்த நம்பிக்கையின் அஸ்திவாரம் அன்றைக்கே ஆட்டங் காண ஆரம்பித்தது. மகான்களின் உபதேசத்தால் அசையாத ஒரு கொள்கை மூத்திரத்திலுள்ள ஒரு பொருளால் அசைந்தது என்றால், மூத்திரத்தைக் கேவலமென்று யார் சொல்லக்கூடும்?

ஆனால் கேவலமில்லை என்பதற்காகக் குடிக்கலாமென்று அர்த்தமில்லை. மாட்டு மூத்திரத்தைப் பஞ்சகவ்யத்தில் கலந்து, அதைக் குடித்தால் பாவம் போகும், தீட்டுப் போகும் என்கின்ற ஜனங்கள் இன்னமும் இருக்கின்றார்கள். மாட்டின் சிறுநீரகமும் மனிதனுடையதைப் போல், தனக்கு வேண்டாமென்று தள்ளியதைத்தான் வெளியே விடுகின்றது. மாடே வேண்டாமென்று தள்ளியதை மனிதன் தீர்த்தமென்று வாங்குவானேன்? மனிதனுக்கு மனிதன் தொட்டால் தீட்டு. மாட்டு மூத்திரம் பட்டால் சுத்தி. இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்? பிரதம மந்திரியாயிருந்த மொரார்ஜி தேசாய் அவர்கள் தம் மூத்திரத்தைத் தாமே குடித்து வருவதாக 1978இல் பகிரங்கமாகச் சொன்னார். அவர் 99 வயது வரை இருந்தாரே என்று காட்டுகின்றவர்களுண்டு. குடிக்காமலே 99 வயது வரை இருந்தவர்களும் இருக்கின்றார்கள். ஒருவர் அதிக காலம் வாழ்ந்ததால் அவர் செய்ததெல்லாம் மருந்தாகி விடாது.

இனி மூத்திரப்பைக்கு வருவோம். இரண்டு சிறுநீரகங்களிலிருந்தும் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்கள் இறங்கிப் பையில் சேருகின்றன. மூத்திரம் அவற்றில் சும்மா ஒழுகுவதில்லை. குழாய்களே அலையலையாய்ச் சுருங்கிப் பிதுக்கித் தள்ளுகின்றன. அதனாலேயே படுத்திருந்தாலும் பை நிரம்புகின்றது. குழாய்கள் பையின் சுவரில் சாய்வாக நுழைகின்றபடியால், பை நிரம்பி அழுத்தும்போது அந்த வாய் தானாய் மூடிக் கொள்ளுகின்றது. உள்ளே வந்தது மேலே திரும்பாது.

பை ஒரு தசைப் பை. சுமார் 150, 200 மில்லிலிட்டர் சேர்ந்தவுடன் அதன் சுவரிலுள்ள நரம்புகள் தண்டுவடத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. 400, 500 ஆனால் அவசரப்படுத்துகின்றன. கைக்குழந்தைக்குத் தண்டுவடமே உத்திரவு கொடுத்து உடனே வெளியேற்றி விடுகின்றது. இரண்டு மூன்று வயதில் மூளை முதிர்ந்து, "இடம் வரட்டும், பொறு" என்று தடுக்கக் கற்றுக் கொள்ளுகின்றது. தூக்கத்தில் தடுக்கச் சில பிள்ளைகளுக்கு இன்னும் சில வருஷங்களாகும். அதற்காகப் பிள்ளையை அடிக்கின்ற தாய் தகப்பன்மார்கள், முளைக்காத பல்லுக்காகவும் அடிப்பார்களா என்று கேட்கின்றோம்.

ஆகவே அடக்கும் சக்தி என்பது மனிதனுக்குத் தகுந்த இடம் கிடைக்கும் வரையில் சிறிது நேரம் பொறுப்பதற்காக ஏற்பட்டதேயொழிய, காலை முதல் இரவு வரை அடக்கிக்கொண்டு கிடப்பதற்காக ஏற்பட்டதல்ல. ஆனால் நம் பெண்கள் விஷயத்தில் நடப்பதென்ன? ஆண்பிள்ளை தெருச் சுவரைக் கண்ட இடத்தில் நின்று கொள்ளுகின்றான். அதைத் தடுப்பதற்கு ஒரு மூத்திரப்புரை கட்டலாமென்று தோன்றாமல், சுவரில் சாமி படத்தை ஒட்டி வைக்கின்றார்கள். சர்வ வல்லமையுள்ள கடவுளுக்கு நம் ஊரில் கிடைத்திருக்கும் உத்தியோகம் இது! பெண்களுக்கோ அந்தச் சுவரும் கிடையாது. ஜவுளிக்கடையில் நிற்கின்ற பெண், கட்டட வேலையில் மண் சுமக்கின்ற பெண், களையெடுக்கின்ற பெண், சந்தையில் காய்கறி விற்கின்ற பெண், கதவில்லாத கக்கூசுள்ள பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை ஆகிய இவர்களெல்லாம் கண்டுபிடித்திருக்கின்ற உபாயம் என்னவென்றால், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலேயே இருந்துவிடுவதுதான். இதற்கு அடக்கம், நாணம், பெண்மை என்று பெயர்.

இதன் பலன் என்ன? தண்ணீர் குறைந்தால் மூத்திரம் தடித்து, அதிலுள்ள உப்புகள் கல்லாய்ப் படிய இடமுண்டாகின்றது. பை நெடுநேரம் காலியாகாமலிருந்தால் கிருமிகள் பெருகுகின்றன. ஆணுக்கு மூத்திர வழி சுமார் 20 சென்டிமீட்டர். பெண்ணுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்தான். அதனால் கிருமிகள் பெண்ணின் பைக்குச் சுலபமாய் ஏறிவிடுகின்றன. பையிலே எரிச்சலாய் ஆரம்பிப்பது கவனிக்காவிட்டால் குளிர் சுரத்தோடு சிறுநீரகத்திற்கே ஏறலாம். கர்ப்ப காலத்தில் அப்படி ஏறினால் தாய்க்கும் ஆபத்து; பிள்ளை மாதம் நிறையாமல் பிறப்பதற்கும் காரணமாகலாம். இவ்வளவையும் அந்தப் பெண் வெளியே சொல்லவும் வெட்கப்பட்டு, யாராவது சொன்ன கஷாயத்தைக் குடித்துக்கொண்டு கிடக்கின்றாள். அவளை அந்த நிலைக்குக் கொண்டு வந்தது கிருமி மாத்திரமல்ல, நாணம் என்கின்ற பெயரால் நாம் சுமத்திய அடிமைத்தனமும் ஆகும்.

சட்டமில்லையோவென்றால் இருக்கின்றது. 1948ஆம் வருஷத்திய தொழிற்சாலைச் சட்டம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கக்கூசும் மூத்திரப்புரையும் வைக்க வேண்டுமென்று விதித்தது. நாள் முழுதும் நின்றே சாகின்ற கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார ஆசனம் கொடுக்க வேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. உட்காருவதற்குக்கூடச் சட்டம் போட வேண்டிய நாட்டில், மூத்திரம் பெய்வதற்குச் சண்டை போட வேண்டியிருப்பது ஆச்சரியமல்ல. ஆனால் சண்டை போடாமல் கிடைக்காது. கோவிலுக்குக் கோபுரம் கட்ட வசூல் செய்கின்ற ஊரில், சந்தைத் திடலில் பெண்களுக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கக்கூசு உண்டா என்று ஒவ்வொரு தோழரும் கேட்க வேண்டும்.

இனி, சிறுநீரகம் நாளடைவில் கெடுவதைப் பற்றிச் சிறிது சொல்லுவோம். "அவன் தலையெழுத்து", "முன் ஜன்ம வினை" என்பவைகளுக்கு இங்கு வேலையே இல்லை. பெரும்பான்மையான காரணங்கள் இரண்டு: நீரிழிவு, இரத்தக் கொதிப்பு. இரத்தத்தில் சர்க்கரை அளவு மீறினால் குழாய்களால் அவ்வளவையும் திரும்ப எடுக்க முடியாமல் மூத்திரத்தில் கலந்து விடுகின்றது. எறும்பு மொய்ப்பது அதனால்தான். வருஷக்கணக்கில் சர்க்கரையும் அழுத்தமும் சேர்ந்து அந்தச் சிறு முடிச்சுகளை அழிக்கின்றன. பெரும்பகுதி அழிகின்ற வரையில் வலியே தெரியாது. ஆதலால் வலி வரட்டும் என்று காத்திருப்பது பைத்தியக்காரத்தனம். இரத்தத்தில் கிரியாட்டினின் எவ்வளவு, மூத்திரத்தில் புரதம் இறங்குகின்றதா என்ற இரண்டு சாதாரண சோதனைகளே முன்கூட்டிச் சொல்லிவிடும். மூட்டு வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்குகின்ற வலி மாத்திரைகளும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பச்சிலையானால் கெடுதியில்லை என்பதும் பொய். ஆடுதின்னாப்பாளை இனத்துச் செடிகளிலுள்ள ஓர் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கவும், மூத்திர வழியில் புற்று உண்டாக்கவும் வல்லது. உடம்பு இளைக்கவென்று அவ்வினத்து மூலிகை கலந்த மருந்தைத் தின்ற பெண்கள் அநேகருக்குப் பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஆடு தின்ன மறுத்ததையும் மனிதன் தின்கின்றான்!

கெட்ட பின்பும் மனிதன் கை கட்டி நிற்கவில்லை. 1943இல் ஹிட்லரின் படை ஆக்கிரமித்திருந்த ஹாலந்தில், கோல்ஃப் என்னும் வைத்தியர், இறைச்சிக் குடலுக்குப் பதிலாக உபயோகிக்கின்ற மெல்லிய செலோபேன் குழாயைக் கொண்டு இரத்தத்தைச் சுத்தி செய்கின்ற யந்திரத்தை உண்டாக்கினார். 1945இல் அதனால் முதன்முதல் பிழைத்தெழுந்தது, நாஜிகளுக்கு உடந்தையாயிருந்ததாகச் சிறையிலிருந்த ஒரு கிழவி. அவர் எதிரியா, நண்பரா என்று யந்திரமும் கேட்கவில்லை, வைத்தியரும் கேட்கவில்லை. 1954இல் பாஸ்டன் நகரத்தில் மரே என்பவர், ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரர்களில் ஒருவருடைய சிறுநீரகத்தை மற்றவருக்கு வைத்து வெற்றி கண்டார். 1971இல் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அது நடந்தது.

மாற்றி வைப்பதற்கு என்ன பொருத்தம் பார்க்கின்றார்கள்? இரத்த வகையைப் பார்க்கின்றார்கள். திசுப் பொருத்தம் பார்க்கின்றார்கள். ஜாதி பார்ப்பதில்லை, கோத்திரம் பார்ப்பதில்லை. பறையன் சிறுநீரகம் பார்ப்பானுக்குப் பொருந்தலாம். பார்ப்பான் சிறுநீரகம் அவன் தம்பிக்கே பொருந்தாமலும் போகலாம். பிறப்பிலே உயர்வு தாழ்வு என்று பேசுகின்றவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆனால் இதிலும் ஏழையும் பெண்ணுமே அகப்பட்டுக்கொண்டார்கள். கடன்பட்டவர்கள் சிறுநீரகத்தை விற்ற காரணத்தால் சென்னை வில்லிவாக்கத்திற்குக் "கிட்னிவாக்கம்" என்றே ஒரு காலத்தில் பட்டப்பெயர் வந்தது. 1994இல் விற்பனையைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தும், 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் சிறுநீரகம் வாங்கியதாகப் புகார் எழுந்து விசாரணை நடந்தது. குடும்பத்திற்குள்ளோ, உயிரோடிருக்கும்போது கொடுக்கின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; பெற்றுக்கொள்ளுகின்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கொடுப்பது தியாகமானால் அந்தத் தியாகம் ஒரு பக்கமே ஏன் ஓடுகின்றது? இதற்கு நல்ல வழி, செத்த பிறகு கொடுப்பதாகும். மூளைச் சாவடைந்தவர்களிடமிருந்து உறுப்புகள் பெறுகின்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் 2008 முதல் ஒழுங்காக நடக்கின்றது. அப்படிக் கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதை செய்யப்படுமென்று 2023இல் அறிவிக்கப்பட்டது. சொர்க்கத்திற்குப் போக அங்கம் குறையக்கூடாது என்று சொல்லித் தடுக்கின்றவர்களிடம், சுடுகாட்டு நெருப்பில் எந்த அங்கம் மிச்சமாகின்றது என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. பெரியார் அவர்கள் கடைசிக் காலத்தில் மூத்திரம் இறங்கக் குழாய் பொருத்திக்கொண்டு, அந்தக் குழாயோடும் வலியோடுமே ஊர் ஊராய்ச் சுற்றுப்பிரயாணம் செய்தார். 1973 டிசம்பர் 19ந் தேதி தியாகராய நகரில் அவர் செய்த கடைசிப் பிரசங்கமும் அந்த நிலையிலேதான். 24ந் தேதி வேலூரில் முடிவெய்தினார். அதை அவர் ஒளிக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை. மானமென்பது மூத்திரத்தை மறைப்பதில் இல்லை. மூத்திரம் பெய்யக் கௌரவமான ஓர் இடமில்லாமல் ஒரு பெண்ணைத் தாகத்தோடு நிற்கவைத்துவிட்டு, நாம் நாகரிகமடைந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளுவதில்தான் மானக்கேடு இருக்கின்றது.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் இதைக் கூச்சமில்லாமல் பேசுங்கள். தாகத்திற்குத் தண்ணீர் குடியுங்கள், வந்தால் அடக்காதீர்கள். சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவர்கள் வருஷத்திற்கு ஒரு தடவையாவது சோதித்துக் கொள்ளுங்கள். உங்கள் ஊர்ச் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் கடைவீதியிலும் பெண்களுக்குக் கக்கூசு இல்லையானால், அது வருகின்ற வரையில் ஊராட்சியையும் முதலாளியையும் தூங்கவிடாதீர்கள். பிரார்த்தனையால் ஒரு கக்கூசும் கட்டப்பட்டதில்லை.